தரகு என்றால் சருகு: ஜெயநகரில் ஒரு காட்டுப்பொருள் கடை

பெங்களூர் ஜெயநகரின் பழைய தனிவீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கும் தெருக்களில் ஒன்றில், இன்னும் இடிபடாத ஒரு வீட்டின் முன்னறையில் இந்தக் கடை இருக்கிறது. பிளிகிரி ரங்கன் மலையிலும் மாதேஸ்வரன் மலையிலும் வாழும் பழங்குடியினரான சோளகர்கள் சேகரிக்கிற, விளைவிக்கிற, முடைகிற பொருள்களை மட்டுமே இங்கே விற்கிறார்கள். கடந்த பதினான்கு மாதங்களில் ஏழெட்டு முறை போயிருக்கிறேன். மூன்று வகைத் தேன், ஒரு நாற்காலி, சீகைக்காய், காபித்தூள் ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். அந்தப் பக்கம் நடமாடுகிறவர்களுக்கு இவ்வளவு அடையாளமே போதும்.

முதல் முறை போனபோது சந்தேகத்தோடுதான் போனேன். பெங்களூரில் இயற்கை விளைபொருள் கடை என்று எதைத் திறந்தாலும் ‘பழங்குடியினர் சேகரித்தது’ என்று ஒட்டிய குப்பி ஒன்றாவது இருக்கும். எந்தப் பழங்குடியினர், எந்தக் காடு, அவர்கள் கைக்கு எவ்வளவு போனது என்று கேட்டால், கல்லாவில் இருப்பவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அங்கே உரிம எண்ணும் காலாவதித் தேதியும் தவிர வேறெதுவும் இருக்காது. ஒரு மக்களின் பெயரே விளம்பரச் சொல்லாகிவிட்ட பிறகு, அந்தப் பெயருக்குரியவர்களை எங்கே போய்த் தேடுவது?

இந்தக் கடையில் உள்ளே நுழைந்தவுடன் இடப்பக்கச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. பொருள்கள் வந்த நிலம் சோளகருடையது என்று அது தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் கூட்டம் தொடங்கும் முன், தாங்கள் கூடியிருக்கும் நிலத்தின் தொல்குடிகளின் பெயரைச் சொல்லி வணங்குகிற வழக்கம் உண்டு. அது வெறும் சடங்காகிவிட்டது என்ற கசப்பும் அந்தத் தொல்குடிகளிடமிருந்தே வருவதுண்டு. அந்த வகைப் பலகையாக இருக்கும் என்று நினைத்து நகரப் போனவன், அடுத்த வரியைப் படித்து நின்றுவிட்டேன். 1974-இல் பிளிகிரி ரங்கன் மலை சரணாலயமானது. சோளகர்கள் ஆங்காங்கே பெயர்ந்து பயிர் செய்து வாழ்ந்த வாழ்க்கை முடிக்கப்பட்டு, ‘போடு’ எனப்படும் குடியிருப்புகளுக்குள் அவர்கள் அமர்த்தப்பட்டார்கள். 2002-இல் திருத்தப்பட்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, தேனும் நெல்லியும் எடுத்து விற்பதும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. 2011 தொடக்கத்தில் அதே காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதிக்குள் வாழும் ஒரு பழங்குடிச் சமூகத்துக்கு அப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. இவ்வளவையும் பலகை ஐந்தாறு வரிகளில் சொல்லிவிடுகிறது. வணக்கம் சொல்லும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. ஆண்டுகள் இருக்கின்றன, பறிக்கப்பட்டது எது, திரும்பி வந்தது எது என்ற கணக்கு இருக்கிறது. கடையில் எனக்குப் பிடித்த முதல் பொருள் அதுதான், அது விற்பனைக்கு இல்லை என்றாலும்.

இனி தேனைச் சொல்கிறேன். சோளகர்கள் தேனீக்களை நான்காகப் பிரித்து அறிவார்கள்: பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றைப் பெரிய அடை கட்டும் ஹெஜ்ஜேனு, மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் துடுவெ, குச்சியைச் சுற்றிச் சிறிய அடை கட்டும் கட்டி ஜேனு, கொட்டாத நெசரி. நம் ஊரில் முறையே மலைத்தேன், பொந்துத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் என்று சொல்கிறோம். கடையில் மூன்று கிடைக்கிறது. கொசுத்தேன் கேட்டதற்கு, அது மருந்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ளவே போதாது, விற்பதற்கில்லை என்று பதில் வந்தது. ஒவ்வொரு குப்பியின் மேலும் எடுத்த மாதமும், எந்தப் போடு என்பதும், அந்தச் சமயம் காட்டில் எது பூத்திருந்தது என்பதும் கையால் எழுதப்பட்டிருக்கும். 500 கிராம் மலைத்தேன் 420 ரூபாய். அதில் சேகரித்தவருக்குப் போனது எவ்வளவு என்று ரசீதின் அடியில் தனி வரியாக அச்சடித்துத் தருகிறார்கள். பாதிக்குச் சற்று மேல் இருந்தது. பெங்களூரில் வேறெந்தக் கடை ரசீதிலும் இப்படி ஒரு வரியை நான் கண்டதில்லை.

சுவை பற்றி என் நாக்கைவிட என் தாயாரின் நாக்கை நம்பலாம். அவருக்கு 81 வயது, சத்தியமங்கலத்துக்காரர். சிறுவயதில் வாரச் சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி வரும் சோளகரிடம் சுரைக்குடுக்கைத் தேனை வாங்கி வளர்ந்தவர். ஜூலை மாதம் வாங்கிய மலைத்தேனை ஒரு கரண்டியில் ஊற்றிக் கொடுத்தேன். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். முகம் லேசாகச் சுளித்தது.

“இது நாவப்பழத் தேனு, கண்ணு. கடைசியில கசக்குது பாரு. அந்தக் காலத்துல இதத்தான் சக்கர வியாதிக்கு வேணும்னு வந்து கேப்பாங்க.”

குப்பியைத் திருப்பினேன். கன்னடத்தில் ‘நேரளெ’ என்று எழுதியிருந்தது. நாவல் மரத்தின் பெயர். (தாயார் சொன்ன மருத்துவத்துக்கு நான் பொறுப்பல்ல, தேன் எதுவானாலும் சர்க்கரைதான்.) மலைத்தேனில் நீர்ப்பசை அதிகம், நாள்பட்டால் புளித்து நுரைக்கும். அதைக் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கிப் பளபளப்பாக விற்பது சந்தை வழக்கம். இவர்கள் வடிகட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனவே மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். இந்த எச்சரிக்கை குப்பியில் இல்லை. ஒருமுறை நேரில் போக முடியாமல் வீட்டுக்கு அனுப்பச் சொன்னபோது, பொருள் கொண்டுவரும் செயலிக்காரர் பையைப் படுக்கவைத்து ஓட்டிவந்ததில் மூடி பிதுங்கிப் பாதித் தேன் பையிலும் மீதி எங்கள் வாசற்படியிலுமாக வந்து சேர்ந்தது. எறும்புகளுக்கு அன்று திருநாள். கடைக்காரர்கள் கேள்வி கேட்காமல் வேறு குப்பி கொடுத்தார்கள் என்றாலும், வேனிற்காலத்தில் இந்தத் தேனை ஊர்தியில் அனுப்பவே கூடாது என்பது என் கருத்து.

கடையில் மொழி எங்கே நிற்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அலமாரிகளில் பொருளுக்கொரு சிற்றட்டை வைத்திருக்கிறார்கள். மேலே ஆங்கிலம் பெரிய எழுத்தில், நடுவே கன்னடம், அடியில் சிறிய எழுத்தில் சோளகர் மொழிச் சொல், அதுவும் கன்னட எழுத்தில். சோளகர் மொழியைப் போற்றுவதற்காக வைத்த அட்டையில் அந்த மொழி அடித்தட்டில் இருப்பதை நான் கல்லாவிலிருந்த பெண்ணிடம் சொன்னேன். அவர் மலையில் பிறந்து இங்கே விடுதியில் தங்கிப் படித்து வேலைக்கு வந்தவர்.

“வாங்குறவங்க மேல இருந்துதானே அண்ணா படிக்கிறாங்க,” என்று தாளவாடிப் பக்கத்துச் சாயலுள்ள தமிழில் பதில் சொன்னார். அவருடைய அத்தை வீடு தாளவாடியில் இருக்கிறதாம்.

இந்த மொழியின் நிலையே அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. மலை ஒன்றுதான், மாநில எல்லை அதைக் குறுக்கே அறுக்கிறது. கர்நாடகப் பக்கத்துக் குழந்தை பள்ளியில் கன்னட எழுத்துப் படிக்கிறது. சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கத்துக் குழந்தை தமிழ் எழுத்துப் படிக்கிறது. வீட்டில் பேசும் மொழி இருவருக்கும் ஒன்று. எழுதிக் காட்டினால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாது. 2022 முதல் 2032 வரையிலான பத்தாண்டுகளை உலகத் தொல்குடி மொழிகளுக்கான காலமாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. கடையில் அதற்கான சுவரொட்டியும் இருக்கிறது. அட்டையில் தமிழ் எழுத்தையும் ஒரு வரி சேர்த்தால், பெங்களூரில் இருக்கும் தமிழருக்காக அல்ல, அத்தை வீட்டுக் குழந்தைகள் என்றாவது வந்தால் அவர்களுக்காகவாவது பயன்படும் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இன்னும் சேர்க்கவில்லை.

ஒரு நாள் தாயாரையும் அழைத்துப் போனேன். அவருக்குக் கன்னட எழுத்துத் தெரியாது. அந்தப் பெண் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாய்விட்டுப் படிக்க, இவர் பாதிக்கு மேல் புரிந்துகொண்டு தலையாட்டினார். ‘எல்லெ’ என்றதும் “எல்லைதானே?” என்றார். ஆம், ஏறக்குறைய அதுதான். காடு முழுவதையும் சோளகர்கள் குலத்துக்கொரு எல்லெயாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் எல்லெயிலும் தெய்வம் உறையும் மரமும் கல்லும் நீரூற்றும் அந்தக் குலத்தின் பொறுப்பு. அந்த இடங்களை அவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து பல ஆண்டுகள் நடந்து வரைபடமாக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கையால் வரைந்த படம் ஒன்று கடையில் இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது தெரியுமா? கல்லாவுக்குப் பின்னால், கட்டண அட்டை தேய்க்கும் கருவியும் தொங்கும் பைகளும் பாதியை மறைத்தபடி. தொட்ட சம்பிகெ என்ற பழம்பெரும் சண்பக மரம் இருக்கும் மூலையைப் பார்க்க வேண்டுமென்றால், யாராவது பணம் கட்டி முடித்து நகரும் வரை காத்திருக்க வேண்டும்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்ட சொல் வேறொன்று. அட்டை ஒன்றில் ‘தரகு பெங்கி’ என்று இருந்தது. தமிழன் காதில் தரகு என்றால் இடையில் நின்று காசு பார்ப்பவனுக்குக் கொடுப்பது. மலைப்பொருள் விற்கும் கடையில் அந்தச் சொல்லுக்கு நெருப்பு வைத்திருக்கிறார்களே என்று உள்ளூர மகிழ்ந்துபோனேன். அங்கே தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. கோடை முற்றும் முன், தரையில் கிடக்கும் சருகை மட்டும் தாழ எரியவிடும் பழைய முறை அது. வனத்துறை அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகி அவற்றைக் கொன்றது என்றும் சோளகர்கள் சொல்லிவருகிறார்கள். ஆய்வாளர்கள் பின்னாளில் அளந்து பார்த்து எழுதியவற்றில் அந்தப் பேச்சை மதிக்கத்தக்க சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அட்டை இதையெல்லாம் நல்ல முறையில் சொல்கிறது. கடையில் உள்ள மற்ற அட்டைகள் மூலிகை மணமும் மலைக்காற்றும் என்று வழவழவென்று எழுதப்பட்டிருக்க, இந்த ஒன்று மட்டும் வேறொருவர் கை என்று தெரிகிறது.

அந்த உண்ணிச்செடிதான் நான் வாங்கிய நாற்காலி. வெள்ளைக்காரர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் தோட்ட அழகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த செடி இன்று நம் காடுகளின் அடித்தளத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. தடித்த தண்டுகளை வெட்டி, பெரிய தொட்டியில் மணிக்கணக்கில் வேகவைத்து, பட்டையை உரித்து, சூடு ஆறும் முன் வளைத்துப் பிரம்பைப் போல் முடைகிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே செடியால் செய்த நிஜ அளவு யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றதையும், பிறகு நம் லால்பாகுக்கு வந்ததையும் பலர் பார்த்திருப்பீர்கள். நாற்காலி 3,800 ரூபாய். வலுவாக இருக்கிறது, கரையான் அண்டவில்லை. பின்னங்கால் ஒன்று அரை விரல் குட்டை. அட்டைத்துண்டு வைத்துச் சமாளிக்கிறோம். பிரம்பு நாற்காலியின் வழவழப்பை எதிர்பார்ப்பவர்கள் வாங்க வேண்டாம். சேலை நூலை இழுக்கும் முடிச்சுகள் உண்டு. தேனுக்குக் கொடுக்கும் அந்த ஒரு வரிக் கணக்கை நாற்காலிக்குக் கொடுக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய குறை. முடைந்தவரின் பெயரும் இல்லை. கேட்டதற்கு, பலர் சேர்ந்து செய்வதால் பிரித்துச் சொல்வது கடினம் என்றார்கள். தேனும் ஒருவர் தனியே எடுப்பதில்லையே.

சீகைக்காய் நன்றாக இருக்கிறது. காபி சுமார், நம் வீட்டு டிகாக்‌ஷனுக்கு இந்த வறுப்பு போதாது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, மலையிலிருந்து யாராவது ஒருவரை அழைத்துவந்து பேசவைக்கிறார்கள். நான் போன கூட்டத்தில் இருபது பேர் இருந்திருப்போம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் ரங்கநாதரைப் பற்றிப் பேசினார். அவர்கள் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பதால் சோளகர்களுக்கு ரங்கன் சாமி மட்டுமல்ல, ‘பாவா’ கூட, மச்சினன் முறை. கேலி செய்யலாம், கோபித்துக்கொள்ளலாம், மழை பெய்யவில்லை என்றால் கேட்கலாம். அவர் சொன்ன விதத்தில் அறையே சிரித்தது. பிறகு தேன் எடுக்கும் பேச்சு வந்தது. இரவில் மரமேறுவது, அடையை முழுதும் அறுக்காமல் ஒரு பங்கை விட்டுவருவது, ஏறும்போது தேனீயைப் பார்த்துப் பாடுவது. உடனே முன்வரிசையில் இருந்த ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார். பெரியவர் புன்னகைத்தபடி இருந்தார். இரண்டாம் முறையும் கேட்டார்.

“அது மரத்தடியில பாடுறது,” என்றார் பெரியவர் கன்னடத்தில். “இங்க மரமும் இல்ல, ஜேனும் இல்ல.”

கேட்டவர் விடவில்லை, இரண்டு வரி போதும் என்றார். அப்போது கடையை நடத்துகிறவர் எழுந்து, நாளையே படம் எடுத்துப் போட்டு ஆள் கூட்டக்கூடிய அந்த வாய்ப்பை விட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்று முடித்துவைத்தார். நான் அந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு அந்த ஒரு நிமிடம் காரணம். கல்பாசி விஷயமும் அப்படித்தான். சென்ற தை மாதம் விருந்துக்கு வேண்டும் என்று கேட்டேன். இந்த முறை போடுகளில் யாரும் எடுக்கவில்லை, வேறெங்கிருந்தும் வாங்கி வைக்கவும் மாட்டோம் என்றார்கள். அலமாரியில் அதற்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. அன்று அங்காடித் தெருவில் அலைந்து வாங்கிக்கொண்டேன், முணுமுணுத்துக்கொண்டேதான்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. சுவர்ப்பலகை 1974, 2011 என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் வீரப்பன் தேடுதலின்போது இரு மாநிலங்களின் அதிரடிப் படைகளாலும் இதே மக்கள் பட்ட பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்ததும், 2007-இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னதும் பொதுவெளியில் உள்ள செய்திகளே. சோளகர் என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் வாசகர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலம்தான். தேன் வாங்க வருகிறவரிடம் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று கடைக்காரர்கள் நினைத்திருக்கலாம். அல்லது மலையிலிருந்து வந்தவர்களே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் என் குறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கல்லாவிலிருந்த பெண்ணிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு விடுமுறை, மற்ற நாள்களில் பத்தரை மணிக்குத்தான் திறக்கிறார்கள். வண்டி நிறுத்த இடமில்லை, பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோவது நல்லது. காலிக் குப்பியைக் கழுவிக் கொண்டுபோனால் இருபது ரூபாய் கழிவு உண்டு. புதுத் தேன் ஜூன் கடைசியில் இறங்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் குப்பிகள் மூன்றும் சமையலறைச் சன்னலில் கவிழ்த்துக் காயவைக்கப்பட்டிருக்கின்றன. இந்த முறை நாவல் வேண்டாம், வேறு பூ பார்த்து வாங்கி வா என்று தாயார் சொல்லியிருக்கிறார்.